கடல் கடந்த கடைக்கு வாடகை யார் தருவது?

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பொழுது புலர்வதற்கு முன்பே பூ வியாபாரம் சூடு பிடித்துவிடும். மல்லிகை, முல்லை, சம்பங்கி, விருட்சி என்று கூடை கூடையாக வந்து இறங்கும். பெருமாளுக்குப் போவது போக, கல்யாண வீடுகளுக்குப் போவது போக, இந்த வட்டாரத்துப் பூவுக்கு இப்போது இன்னொரு வாடிக்கைக்காரரும் உண்டு. அவர் இருப்பது சிங்கப்பூரில், அல்லது கோலாலம்பூரில். பூவும், கறிவேப்பிலையும், முருங்கைக்காயும் திருச்சி விமான நிலையத்தில் பிரயாணிகளின் காலடியிலே, விமானத்தின் வயிற்றில் ஏறிக்கொள்கின்றன. சுமார் நாலு மணி நேரப் பிரயாணம். இங்கே காலையில் கட்டிய பெட்டியை அங்கே அன்றைக்கே பிரித்துவிடலாம்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது? அக்கரையில் அக்காள் மகன் கடை வைத்திருக்கிறார்; இக்கரையில் மாமன் சரக்குப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"மாமா, நேற்று வந்த மல்லியிலே பாதி மொட்டு வெடிச்சுப் போச்சு. நாளைக்கு இன்னும் கெட்டி மொட்டாப் பார்த்து அனுப்புங்க. சதுர்த்தி வருது, எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் கட்டாயம் வேணும்."

"ஆகட்டும் மாப்பிள்ளே. போன வாரப் பணம்?"

"இன்றைக்கே வந்துடும் மாமா."

அவ்வளவுதான். மார்க்கெட் நிலவரம், சரக்கின் தரம், பண்டிகைத் தேவை, பணப் பட்டுவாடா எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டன. மருமகனே வர்த்தகக் கமிஷனர். செல்போனே தந்தி இலாகா. சர்க்காருக்குக் காலணா செலவில்லை!

ஆனால் எல்லாச் சரக்குக்கும், எல்லா ஊரிலும் மருமகன் கிடைப்பாரா? ஹாம்பர்க்கிலும் ஸாவோ பாலோவிலும் நமக்கு ஏது உறவு? தமிழர் வாழாத ஊரில் தமிழ்நாட்டுச் சரக்கை விற்க வேண்டுமானால், நமக்காக யாராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நம் தூதரகங்களில் வர்த்தகப் பிரிவு என்று ஒன்றை மத்திய சர்க்கார் வைத்திருக்கிறது. அதை நாட்டின் கடல் கடந்த கடை என்று சொல்லலாம். அந்தக் கடையின் வாடகையும் சம்பளமும் நம் வரிப்பணம்.

கொடுக்கிற வாடகைக்குப் பலன் யாருக்கு? உறையூரில் கல்லுக்குப் பட்டை தீட்டும் பெண்ணுக்கு அதில் ஏதாவது கிடைக்கிறதா? காவிரிக் கரையில் வாழை வைத்திருப்பவருக்குக் கிடைக்கிறதா? இது பட்ஜெட் புத்தகத்துச் சமாசாரம் மட்டுமல்ல. பல குடும்பங்களின் பிழைப்புச் சமாசாரம்.

அந்த ஆபீஸில் என்ன நடக்கிறது?

வெளிநாட்டு வர்த்தக ஆபீஸ் என்றவுடன் கண்ணாடிக் கட்டடமும், கோட்டு சூட்டும், கைகுலுக்கலும்தான் நம் மனக்கண் முன் வரும். உண்மையான வேலை அதுவல்ல.

ஒரு நாட்டில் எந்தச் சரக்குக்குக் கிராக்கி, யார் யார் இறக்குமதி செய்கிறார்கள், அவர்களில் நாணயஸ்தர் யார், பணம் தராமல் இழுத்தடிப்பவர் யார் என்று விசாரித்து வைக்க வேண்டும். அந்த நாட்டுச் சுங்க விகிதம் மாறினால், பூச்சி மருந்து எச்சம் பற்றிய விதி மாறினால், பெட்டியில் ஒட்டவேண்டிய லேபிள் மாறினால், உடனே ஊருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கண்காட்சி நடந்தால் இடம் பிடித்து, நம் வியாபாரிகளை அழைத்துவந்து வாங்குவோருடன் உட்காரவைக்க வேண்டும். சரக்கு பற்றித் தகராறு வந்தால் நடுவில் நின்று சமாதானம் பேச வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கண்ணும் காதும் முதலில்; வாய் அப்புறம்.

செலவும் லேசானதல்ல. நகரத்தின் நடுவில் இடத்துக்கு வாடகை, இங்கிருந்து போகும் உத்தியோகஸ்தருக்குச் சம்பளமும் அந்நிய நாட்டுப் படியும், குடியிருக்க வீடு, பிள்ளைகளின் படிப்பு, அந்த ஊர்ப் பாஷை தெரிந்த உள்ளூர் சிப்பந்திகள், கண்காட்சிச் செலவு. இத்தனையும் டாலரிலும் யூரோவிலும் போகவேண்டும். ரூபாயின் மதிப்பு இறங்கினால், ஆபீஸ் ஒரு நாற்காலிகூட அதிகம் வாங்காமலே செலவு ஏறிவிடும். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழி இங்கேதான் பயமுறுத்துகிறது.

சோழர் காலத்துக் கணக்கு

இந்தக் கேள்வி நமக்குப் புதிதென்று யாரும் நினைக்க வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், உள்நாட்டில் 'அர்கரு' என்ற ஊரிலிருந்து வரும் மெல்லிய துணியைப் பற்றிப் பேசுகிறது. அந்த ஊர் நம் உறையூர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. ரோமாபுரியில் நமக்கு ஆபீஸ் இருந்ததோ இல்லையோ, சரக்குப் போயிற்று.

சோழர் காலத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவாகிறது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்திருக்கிறது. காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகர் சபையார் அங்கே கூடி ஒரு தீர்மானம் செய்திருக்கிறார்கள். அந்தத் துறைக்கு வரும் கப்பல்காரர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான பொன்னைச் சபையார் குறிப்பிட்ட தம் மனிதர்களிடம் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகே கரையேறலாம் என்பது அதன் சாரம்.

தாய்லாந்தில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டோ, ஒரு குளத்தை மணிக்கிராமத்து வணிகர் முதலியோரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? அந்நாளில் கடல் கடந்த கரையில் நம் வணிகர் சபைகள் வேரூன்றியிருந்தன. அங்கே ஆகும் செலவுக்கு அரசனின் கஜானாவை மட்டும் எதிர்பார்த்து அவர்கள் நிற்கவில்லை. யார் துறைமுகத்தைப் பயன்படுத்தினார்களோ அவர்களிடமே வாங்கினார்கள். யாரிடம் வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்றைய பட்ஜெட் நோட்டைவிட அது தெளிவாகவே இருக்கிறது!

புகழ் இருந்தது, ஆள் இல்லை

வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சியின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது உறையூர்ச் சுருட்டு. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அந்தத் துப்பறியும் புலி கண்டுபிடிக்கிறது. லண்டன் வாசகனுக்கு அது என்ன என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குப் புகழ்!

அந்தப் புகழை யார் பரப்பினார்கள்? எந்தச் சர்க்கார் ஆபீஸும் அல்ல. இங்கே கண்டோன்மெண்டில் இருந்த சிப்பாய்களும் துரைகளும் பழகிக்கொண்டு, ஊருக்குத் திரும்பும்போது பெட்டி பெட்டியாக எடுத்துப் போனார்கள். சிங்கப்பூர் மருமகன் போல அவர்களே தரகர்கள். ஆனால் பிறகு சிகரெட் மோகம் வந்தது. துரைகளும் போய்விட்டார்கள். லண்டன் கடைத்தெருவில் ருசி மாறுவதைக் கவனித்து உறையூருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நாலு தெருவில் நடந்த தொழில் சில வீடுகளின் தொழிலாகச் சுருங்கியது. புகையிலையின் கெடுதல் இன்று நமக்குத் தெரியும். அந்தத் தொழில் பழையபடி ஓங்கவேண்டும் என்று இங்கே யாரும் வாதாடவில்லை. ஆனால் அந்தக் கைகளுக்கு வேறு வேலை பார்த்து வைக்க அவகாசம் கிடைத்திருக்கும் அல்லவா? முன்கூட்டிச் செய்தி தெரிவதன் பலன் அதுதான்.

அதே காலத்தில் திருச்சியிலேயே ஓர் அந்நிய நாட்டு ஆபீஸ் வெகு மும்முரமாக நடந்தது என்பதை இன்று பலர் மறந்திருப்பார்கள். 1904-ல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் தங்கள் தொழிலாளர் கமிஷனின் தலைமை இடத்தைத் திருச்சியில் அமைத்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது அதன் வேலை. பஞ்சத்திலும் கடனிலும் சிக்கிய நம் குடியானவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கடல் தாண்டினார்கள். அது நல்ல கதையல்ல. ஆனால் நிர்வாகப் பாடம் ஒன்று அதில் உண்டு. தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அந்த முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கான ஆபீஸை எந்த ஊரில் வைப்பது என்று தெரிந்திருந்தது. செலவுக்குப் பலன் வருகிறதா என்று கணக்குப் பார்க்கவும் தெரிந்திருந்தது.

கால் தம்பிடியில் பிறந்த நிதி

இந்தியத் தேயிலையின் கதை இன்னும் ருசிகரமானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் தேயிலைக்குப் பிரசாரம் செய்யத் தோட்டக்காரர்கள் விரும்பினார்கள். இஷ்டப்பட்டவர்கள் சந்தா கொடுக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பத்துப் பேர் கொடுத்தால் பத்துப் பேர் சும்மா இருந்தார்கள். பிரசாரத்தால் தேயிலை விற்றால் கொடாதவனுக்கும் லாபம்தானே! தேர் இழுக்காதவனுக்கும் சுண்டல் கிடைக்கும் என்றால் வடம் பிடிக்க யார் வருவார்கள்?

ஆகவே, தோட்டக்காரர்களே சர்க்காரிடம் போய், "எங்கள்மேல் வரி போடுங்கள்" என்று கேட்டார்கள். இப்படிக் கேட்கும் ஜாதி உலகத்தில் அபூர்வம். 1903-ல் தேயிலை செஸ் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு தேயிலைக்கும் கால் தம்பிடி. அந்தப் பணத்தில்தான் இந்தியத் தேயிலைக்கு வெளிநாட்டில் விளம்பரம் நடந்தது. பிறகு நம் நாட்டிலும் தெருத் தெருவாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் 1953-ம் ஆண்டுச் சட்டப்படி 1954-ல் தேயிலை போர்டு அமைந்தது. லண்டன், மாஸ்கோ, துபாய் முதலிய ஊர்களில் அது ஆபீஸ்கள் நடத்தியது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செஸ் பணம் நேராகப் போர்டின் பெட்டிக்குப் போகாது. முதலில் மத்திய சர்க்காரின் தொகுப்பு நிதியில் விழும். பார்லிமெண்ட் ஒதுக்கினால்தான் போர்டுக்கு வரும். கொடுத்தவன் கண்ணிலிருந்து பணம் மறைந்தது. கேள்வி கேட்கும் உரிமையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிற்று.

விவசாயப் பொருள்களுக்கும் இதே வழிதான். 1985-ல் அபீடா என்ற விவசாய ஏற்றுமதி அபிவிருத்தி ஸ்தாபனத்துக்குச் சட்டம் இயற்றியபோதே, ஏற்றுமதி செஸ் வசூலிக்கவும் சட்டம் வந்தது. 2006-ல் அந்தச் செஸ் எடுக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் தேயிலை செஸ்ஸும் ரத்தாயிற்று. வியாபாரிக்குச் சுமை குறைந்தது; சந்தோஷம். ஆனால் அதோடு, "என் காசில் நடக்கும் ஆபீஸ் இது" என்று தட்டிக் கேட்கும் பாத்தியதையும் குறைந்துபோயிற்று.

ஊரான் வீட்டு நெய்

சர்க்கார் கஜானாவிலிருந்து செலவு செய்யும் வழி பழையதுதான். 1930-களிலேயே ஹாம்பர்க், நியூயார்க் போன்ற ஊர்களில் இந்திய வர்த்தகக் கமிஷனர்கள் இருந்தார்கள். லண்டனில் 1930-ல் திறந்த 'இந்தியா ஹவுஸ்' இன்றும் நிற்கிறது. சுதந்திரம் வந்தபின், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கழுத்தைப் பிடித்தபோது, ஏற்றுமதி ஸ்தாபனங்கள் வரிசையாகத் தோன்றின. 1954-ல் பருத்தித் துணி ஏற்றுமதிக் கவுன்சில். 1956-ல் ராஜ்ய வர்த்தகக் கார்ப்பரேஷன். 1965-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு கைத்தறி ஏற்றுமதிக் கவுன்சில். 1966-ல் பம்பாயில் நவரத்தின, நகை ஏற்றுமதிக் கவுன்சில். இந்தக் கவுன்சில்கள் அங்கத்தினர் சந்தாவையும் சர்க்கார் மானியத்தையும் சேர்த்து நடப்பவை.

இன்னொரு வழியும் உண்டு. 1992-ல் இரண்டு ஸ்தாபனங்களை இணைத்து இந்திய வர்த்தக மேம்பாட்டு ஸ்தாபனம் அமைந்தது. டில்லி பிரகதி மைதானத்துக் கண்காட்சி மண்டபங்களை வாடகைக்கு விட்டு, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது அதன் முறை. ஒரு காலத்தில் நியூயார்க், பிராங்க்பர்ட், டோக்கியோ, மாஸ்கோ, ஸாவோ பாலோ ஆகிய ஊர்களிலும் அது ஆபீஸ் வைத்திருந்தது. அதே ஸ்தாபனமும் தமிழ்நாட்டு 'டிட்கோ'வும் கூட்டாகச் சென்னை நந்தம்பாக்கத்தில் வர்த்தக மையம் நடத்துகின்றன.

பிற நாடுகளைப் பார்ப்போம். ஜப்பானின் 'ஜெட்ரோ' 1958-ல் பிறந்தது. தென்கொரியாவின் 'கோட்ரா' 1962-ல். இரண்டுக்கும் சென்னையில் ஆபீஸ் உண்டு. ஹாங்காங் 1966-ல் தன் வர்த்தக அபிவிருத்திக் கவுன்சிலை அமைத்தபோது, சரக்கு மதிப்பின்மீது ஒரு சிறு கட்டணம் விதித்து நிதி திரட்டியது. பக்கத்து இலங்கை 1979-ல் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையை நிறுவிச் செஸ் பணத்தில் நடத்தியது. பாருஸ் கல்வெட்டின் நியாயம் இருபதாம் நூற்றாண்டிலும் செல்லுபடியாயிற்று என்று இதைக் கொள்ளலாம்.

எது நல்ல வழி? மூன்றிலும் குணம் உண்டு, குற்றமும் உண்டு. கஜானாப் பணம் என்றால் சின்ன வியாபாரிக்கும் சேவை இலவசம். ஆனால் 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று செலவு ஓடும். செஸ் என்றால் கொடுத்தவன் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான். ஆனால் சுமை கடைசியில் விவசாயியின் தலையில் இறங்கக்கூடும். சேவைக்குக் கட்டணம் என்றால் வீண் செலவு குறையும். ஆனால் கட்டணம் கொடுக்கச் சக்தி உள்ள பெரிய கம்பெனிக்கே ஆபீஸ் சேவகம் செய்யும்.

திருச்சிக் கல்லும் திருவரங்கத்து வாழையும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1902-ல் வெர்னேய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அலுமினாப் பொடியைத் தீச்சுவாலையில் உருக்கிச் செயற்கைச் சிவப்புக் கல் செய்யும் முறையை அறிவித்தார். எங்கோ பாரிஸில் எரிந்த அந்தத் தீ, திருச்சியிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது. கச்சாக் கல்லை வரவழைத்து, அறுத்து, பட்டை தீட்டி, மெருகேற்றி அனுப்பும் தொழில் குடிசைக் கைத்தொழிலாகப் பரவிற்று. கம்மலிலும் மூக்குத்தியிலும் கோவில் நகைகளிலும் திருச்சிக் கல் பதியாத இடமில்லை. பெண்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பது இதன் தனிச் சிறப்பு.

பிறகு என்ன ஆயிற்று? சீனாவில் குவாங்சி பிரதேசத்து வூஜோ நகரம் செயற்கைக் கல்லுக்கு உலகத் தலைநகராக வளர்ந்தது. இயந்திரத்தில் தீட்டிய கற்கள், ஒன்றுபோல் ஒன்று, மலிவான விலையில் வந்து குவிந்தன. கையால் தீட்டும் திருச்சிக்காரர் தடுமாறினார். பலர் வேறு வேலை தேடிப் போனார்கள்.

வூஜோவில் இயந்திரம் வந்து இறங்கியது ஒரு நாளில் நடந்த காரியமல்ல. 1980-களிலிருந்து நடந்த காரியம். இப்படிப்பட்ட சமாசாரத்தை முதலிலேயே மோப்பம் பிடித்துச் சொல்வதற்குத்தான் வெளிநாட்டு ஆபீஸ். கடைத்தெருவில் அந்நியச் சரக்கு வந்து இறங்கிய பிறகு தெரிந்துகொள்வது செய்தியல்ல, சாவோலை. அப்படியே செய்தி வந்தாலும் யாருக்கு வரும்? நகை ஏற்றுமதிக் கவுன்சிலில் சூரத் வைரத்தின் குரல் பெரிது. திண்ணையில் உட்கார்ந்து கல் தீட்டுபவரின் குரல் சிறிது. பட்டியலில் அங்கத்தினராக இல்லாதவருக்குத் தபால்காரர் எப்படிக் கடிதம் கொண்டுவருவார்?

வாழையைப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவரங்கத் தீவிலும், ஜீயபுரம், லால்குடி, தொட்டியம் பக்கத்திலும் பூவனும் நேந்திரனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் செழித்து நிற்கின்றன. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993-ல் திருச்சியில்தான் அமைந்தது. உலகத்து வாழைப்பழத்தில் காற்பங்குக்கு மேல் விளைவது இந்தியாவில். ஆனால் உலக ஏற்றுமதியில் நம் பங்கு நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இருந்தது. 2022-23-ல் நாம் அனுப்பியது சுமார் 3.6 லட்சம் டன். மதிப்பு சுமார் 17 கோடியே 60 லட்சம் டாலர். அதிலும் பெரும்பகுதி மகாராஷ்டிரத்துப் பச்சை வாழை.

காரணம் பழத்தின் ருசி அல்ல. வளைகுடா நாட்டு வியாபாரி எத்தனை அங்குலக் காய் கேட்கிறார், எத்தனை கிலோப் பெட்டி கேட்கிறார், ஐரோப்பாவில் எந்த மருந்தின் எச்சம் எவ்வளவுக்கு மேல் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது தோப்பில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். முற்றாத பருவத்தில் வெட்டி, வெட்டிய காய் அடிபடாமல், 13, 14 டிகிரிக் குளிர்ச்சி குலையாமல் கப்பல் ஏறவேண்டும். விளைவிக்கும் வித்தையைச் சொல்ல ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விற்கும் வித்தையை அக்கரையிலிருந்துதான் யாராவது சொல்லவேண்டும். அதிலும் நம் பூவனையும் கற்பூரவல்லியையும் அறியாத தேசத்தில், இப்படியும் ஒரு பழம் உண்டு என்று ருசி காட்டுவது தனி மனிதர் ஒருவரின் சக்திக்கு மீறிய காரியம்.

தவளை கத்தியதால் மழையா?

ஆபீஸ் பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் சூட்சுமம். ஏற்றுமதி ஏறிய வருஷத்தில், "எங்களால்தான் ஏறியது" என்று அறிக்கை வரும். தவளை கத்தியதால்தான் மழை பெய்தது என்பது போல! இறங்கிய வருஷத்தில் உலக நிலைமையின்மேல் பழி விழும். ஒப்பந்தம் கையெழுத்தான தொகையைக் கோடிக் கணக்கில் அச்சடிப்பார்கள். அதில் எவ்வளவு சரக்காகக் கப்பல் ஏறியது என்பதை அடுத்த வருஷம் யாரும் அச்சடிப்பதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடலாமா? அதுவும் புத்திசாலித்தனமல்ல. கடையை மூடினால் வாடகை மிச்சம், வாடிக்கை மிஞ்சாது. ஒரு நாட்டில் வியாபாரிகளின் நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பல வருஷம் ஆகும். இழக்க ஒரு பட்ஜெட் போதும்.

நல்ல அறிகுறிகளும் இல்லாமலில்லை. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் 'டிரேட் கனெக்ட்' என்ற இணையத் தளத்தைத் திறந்தது. ஏற்றுமதியாளர் தம் ஊரிலிருந்தே வெளிநாட்டுத் தூதரகத்துக்குக் கேள்வி அனுப்ப அதில் வழி இருக்கிறது. 2025 நவம்பரில் ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டம் ஒன்றுக்கு மத்திய மந்திரி சபை அனுமதி கொடுத்தது. 2030-31 வரை ஆறு வருஷத்துக்கு ரூ. 25,060 கோடி. சிறு தொழில்களுக்கு முக்கியத்துவம் என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் இருக்கிறது. பணம் போகும் பாதைதான் கவனிக்கப்பட வேண்டியது.

நாம் கேட்பது மூன்றே விஷயம்.

முதலாவது, செலவைப் பிரிக்க வேண்டும். மார்க்கெட் செய்தி எல்லோருக்கும் பொதுவான ஊருணித் தண்ணீர். அதற்குக் கஜானாப் பணம் செலவாவதே நியாயம். கண்காட்சியில் சொந்தச் சரக்கைப் பரப்ப இடம் கேட்கும் பெரிய கம்பெனி, தன் வாடகையைத் தானே கொடுக்கட்டும். முதல் தடவை கடல் தாண்டும் சிறு தொழிலாளிக்கு மட்டும் மானியம் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு வெளிநாட்டு ஆபீஸும் வருஷத்துக்கு ஒரு முறை ஒரே பக்கத்தில் கணக்குச் சொல்லட்டும். என்ன செலவு, எத்தனை கேள்வி வந்தது, எத்தனை நாளில் பதில் போயிற்று, அதில் டில்லி, பம்பாய் போகச் சிற்றூர்களுக்குப் போனது எத்தனை? இவ்வளவு போதும். கோடிக் கணக்கு ஜம்பம் வேண்டாம்.

மூன்றாவது, செய்தி நம் பாஷையில் வரவேண்டும். துபாய் மார்க்கெட்டின் பெட்டி அளவு இங்கிலீஷில் டில்லிப் பீரோவில் தூங்குவதால், லால்குடி விவசாயிக்கு லாபமில்லை. நெல் விலையையும் மழை நிலவரத்தையும் ரேடியோவில் தமிழில் கேட்டுப் பழகிய குடியானவருக்கு, வாழைத்தாரின் வெளிநாட்டு விலையையும் தமிழில் சொல்ல முடியாதா என்ன?

பாருஸில் கல் நாட்டிய வணிகர்கள், யாரிடம் வாங்குகிறோம், எதற்கு ஈடாக வாங்குகிறோம் என்பதை வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தார்கள். ஏறக்குறைய 940 வருஷம் கழித்தும் அதைப் படிக்க முடிகிறது. இன்றைய ஆபீஸ்களின் கணக்கு, வருஷம் முடிந்த ஆறு மாதத்துக்குள் உறையூரில் கல் தீட்டும் பெண்ணின் கைக்கும் கிடைத்து, அவருக்கும் புரியுமானால், அந்தக் கடல் கடந்த கடைக்கு நாம் கொடுக்கும் வாடகை வீணல்ல.